ஸ்கேனும் மூன்று சொற்களும்: மருத்துவக் காப்பீட்டில் ஒரு விலக்குக் கூறின் வரலாறு

'மதிப்பீட்டிற்காக அனுமதிக்கப்பட்டார்' என்பது இந்திய மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் அன்றாடம் எழுதப்படும் தொடர். ஆங்கிலத்தில் 'எவால்யுவேஷன்' என்ற சொல்லாக அது இடம்பெறும். எழுதும் மருத்துவருக்கு அதன் பொருள் தெளிவானது: நோயாளி துன்பத்துடன் வந்திருக்கிறார், காரணம் இன்னும் புலப்படவில்லை, காரணத்தைத் தேடிக்கொண்டே துன்பத்தைத் தணித்துவருகிறோம். அதே தாள் காப்பீட்டு நிறுவனத்தின் மேசையை அடையும்போது அச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. அங்கே அது, 'இவர் சிகிச்சைக்கு வரவில்லை, சோதனைக்கு மட்டுமே வந்தார்' என்று வாசிக்கப்படுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கான தொகையும், சில வேளைகளில் மருத்துவமனைக் கட்டணம் முழுவதுமே, அந்த வாசிப்பினால் மறுக்கப்படுகின்றன.

இம்மறுப்பைத் தனியார் நிறுவனங்களின் பேராசை என்று மட்டும் விளக்கிவிடுவது எளிது. அவ்விளக்கம் போதாது என்பதே இப்பதிவின் நிலைப்பாடு. மறுப்புக்குக் காரணமான விதி அரசுத்துறை நிறுவனங்களின் காப்பீட்டு ஆவணத்தில் வேர்கொண்டது. தனியார் நிறுவனங்கள் அதனை மரபுரிமையாகப் பெற்றன. நோய்க்குச் சான்று எது என்ற கேள்விக்கு அந்த ஆவணம் அளித்த விடை, 'மருத்துவமனைப் படுக்கை' என்பது. மருத்துவம் அவ்விடையைக் கடந்து சென்றுவிட்டது. ஆவணத்தின் மொழி இன்னும் கடக்கவில்லை.

1. படுக்கை எவ்வாறு சான்றாயிற்று

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் நோய்க்கான பாதுகாப்பு முதலில் காப்பீட்டு ஆவணமாக வரவில்லை, மருந்தகமாகவே வந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டம் 1954-இல் டெல்லியில் தொடங்கியது. இவ்விரண்டிலும் மருந்தகமும் மருத்துவரும் திட்டத்தின் உறுப்புகள். நோயாளி வெளிநோயாளியா உள்நோயாளியா என்பது சிகிச்சை முறை பற்றிய கேள்வியே. உரிமை பற்றிய கேள்வி அன்று.

இவ்விரு வட்டங்களுக்கும் வெளியே இருந்த நடுத்தர வகுப்பினருக்கு 1986-இல் மெடிக்ளெய்ம் வந்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, 1973 ஜனவரி 1 முதல் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கினுள் அடங்கியிருந்தன. அந்நான்கும் விற்ற பொருள் மெடிக்ளெய்ம். தீ, கடல், வாகனம் ஆகிய காப்பீடுகளில் பழகிய நிறுவனங்கள் அவை. கிடங்கு எரிந்ததற்குச் சாம்பல் சான்று. வண்டி மோதியதற்கு நசுங்கிய தகடு சான்று. உடல் நோயுற்றதற்கு எது சான்று?

காய்ச்சலையும் வலியையும் எவரும் சொல்லிக்கொள்ளலாம்; மருத்துவச் சீட்டை எவரும் பெறலாம். ஆனால் வேலையையும் வீட்டையும் விட்டு ஓர் இரவு மருத்துவமனையில் படுப்பதற்கு யாரும் எளிதில் உடன்படமாட்டார் என்று ஆவணம் கருதியது. எனவே குறைந்தது 24 மணி நேர அனுமதி நிபந்தனையாயிற்று. மருத்துவமனை என்பதற்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது: பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது 15 உள்நோயாளிப் படுக்கைகள் இருக்க வேண்டும்; சிறு நகரங்களில் 10 போதும். டயாலிசிஸ், கீமோதெரபி, கதிர்வீச்சு, கண் அறுவை போன்றவற்றுக்கு மட்டும் 24 மணி நேர விதி தளர்த்தப்பட்டது. இழப்பை அளவிடப் பழகிய ஒரு தொழில், நோயை அளவிடத் தேர்ந்துகொண்ட அளவுகோல் இது. அக்காலத்துக்கு அது பொருந்தாததும் அன்று. கடும்நோய் என்றால் படுக்கை என்பதே அன்றைய மருத்துவ நடப்பு.

2. இயந்திரம் வந்தபின்

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 1979-இல், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். அதற்கு முன்பு மூளையில் கட்டி இருக்கிறதா என்று அறிவது நோயாளியை வருத்தும் செயல். தண்டுவடத்தின் வழியே காற்றைச் செலுத்திப் படமெடுப்பதும், கழுத்துத் தமனியில் சாயம் ஏற்றுவதும் அன்றைய வழிகள். அவற்றுக்குப் படுக்கை தேவைப்பட்டது. சி.டி.யும் பின்வந்த எம்.ஆர்.ஐ.யும் அத்தேவையை நீக்கின. நோயாளி நடந்துவந்து, படமெடுத்துக்கொண்டு, நடந்தே வீடு திரும்பலாம்.

இதன் விளைவை மருத்துவர்கள் உடனே உணர்ந்தனர். காப்பீட்டு ஆவணம் உணரவில்லை. அறிதலும் ஆற்றுதலும் ஒரே படுக்கையில் நிகழ்ந்தவரை, 'சோதனைக்கான செலவு', 'சிகிச்சைக்கான செலவு' என்ற பிரிவினை பெரிதாக உறுத்தவில்லை. இரண்டும் இடத்தால் பிரிந்தபோது, செலவு மிகுந்த பகுதி படுக்கைக்கு வெளியே போய்விட்டது.

வெளியே எடுக்கும் ஸ்கேனுக்கு ஆவணம் ஒரே ஒரு வாயில் வைத்திருந்தது. மருத்துவமனை அனுமதிக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவுகள், அதே நோய் தொடர்பானவையாக இருப்பின் ஏற்கப்படும். பார்வைக்கு நியாயமான விதி. ஆயின் அதன் உட்பொருளைச் சற்றே விரித்துப் பார்க்கலாம். கடும் தலைவலியும் பார்வை மங்கலும் உற்ற இருவர் ஒரே நாளில், ஒரே மையத்தில், ஒரே கட்டணத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கின்றனர். ஒருவருக்குக் கட்டி காணப்பட்டு, இரு வாரங்களில் அறுவை நடக்கிறது. அவருடைய ஸ்கேன் தொகை கிடைக்கும். மற்றவருக்கு 'இயல்பு' என்று முடிவு வருகிறது, அவர் அனுமதிக்கப்படவில்லை, அவருக்குக் கிடைக்காது. இருவரிடமும் மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று, ஐயம் ஒன்று, அவசரம் ஒன்று. வேறுபட்டது விடை மட்டுமே. அந்த விடையை அறிவதற்காகத்தான் பணமே செலவிடப்பட்டது.

மருத்துவரின் வினா எதிர்காலத்தில் அமைகிறது: 'கட்டி இருக்குமோ?' நிறுவனத்தின் வினா இறந்தகாலத்தில் அமைகிறது: 'கட்டி இருந்ததா?' முதல் வினாவுக்கு ஆன செலவை இரண்டாம் வினாவின் விடையைக் கொண்டு அளப்பதே இப்பூசலின் அடிப்படை.

3. ஒரு வாக்கியத்தின் இலக்கணம்

மெடிக்ளெய்ம் ஆவணங்களில் நெடுங்காலம் வழங்கிய விலக்குக் கூறு ஆங்கிலத்தில் ஒரே நீண்ட வாக்கியம். அதன் சாரத்தைத் தமிழில் இவ்வாறு சொல்லலாம்: முதன்மையாக நோயறிதல், எக்ஸ்ரே, ஆய்வகச் சோதனை அல்லது பிற ஆய்வுகளுக்காக மருத்துவமனையில் ஆகும் செலவு, ஒரு நோய் உறுதியாக இருப்பதை அறிவதற்கும் அதற்குச் சிகிச்சை அளிப்பதற்கும் இயைபற்றதாக இருந்தால், ஏற்கப்படாது, அந்நோயும் மருத்துவமனையில் தங்கியாக வேண்டிய நோயாக இருத்தல் வேண்டும்.

இந்த வாக்கியத்தில் இரு சிக்கல்கள் உள்ளன. முதலாவது தழுவல் பற்றியது. 'இயைபற்ற' என்ற அடை, ஆங்கில வாக்கியத்தில் பட்டியலின் இறுதியில் நிற்கிறது. அது இறுதியில் உள்ள 'பிற ஆய்வுகளை' மட்டும் தழுவுகிறதா, எக்ஸ்ரே முதலான அனைத்தையும் தழுவுகிறதா? அனைத்தையும் தழுவினால், நோயோடு இயைபுடைய எந்தச் சோதனையும் விலக்கப்படாது. இறுதியானதை மட்டும் தழுவினால், எக்ஸ்ரேயும் ஆய்வகச் சோதனையும் எந்நிலையிலும் விலக்கப்பட்டவையே. தமிழில் அடை முன்னே வருவதால் ஐயம் இடம் மாறுமேயன்றி நீங்காது. 'பழைய புத்தகங்களும் சட்டைகளும்' என்றால் சட்டைகளும் பழையனவா என்ற கேள்வி எழுவதைப் போன்றதே இது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. நோய் 'உறுதியாக இருத்தல்' என்ற சொற்கள், இல்லாத நோய்க்கான தேடலை வாக்கியத்திலிருந்தே வெளியேற்றிவிடுகின்றன. நெஞ்சுவலியுடன் நள்ளிரவில் வந்தவருக்கு இதயத் தமனிகள் சீராக உள்ளன என்று ஆஞ்சியோகிராம் காட்டினால், மருத்துவருக்கு அது ஒரு முடிவு. அதைக் கொண்டே அடுத்த சிகிச்சையை அவர் தீர்மானிக்கிறார். மேற்கண்ட வாக்கியத்தை இறுக்கமாக வாசிப்பவருக்கோ அங்கே நோயே இல்லை. ஆகவே சோதனைக்கும் இடமில்லை.

4. இரு தரப்பும் கற்றுக்கொண்டவை

1999-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்துக்குப் பின், 2000 முதல் தனியார் நிறுவனங்கள் களமிறங்கின. 2001-இல் டி.பி.ஏ. எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளுக்கான விதிமுறைகள் வந்தன. ரொக்கமில்லாச் சிகிச்சை பரவியது. முன்பு நோயாளியே பணம் கட்டி, மாதங்கள் கழித்து வழக்காடினார். இப்போது மறுப்பு, அனுமதிக் கவுன்டரிலோ டிஸ்சார்ஜ் நாளிலோ வந்து நின்றது.

வெளியே எடுத்தால் பணம் கிடைக்காது என்றறிந்த நோயாளிகள், 'அட்மிட் செய்து எடுத்துவிடுங்கள்' என்று மருத்துவரைக் கேட்கலாயினர். சில மருத்துவமனைகளும் அதனை விரும்பியே செய்தன. நிறுவனங்கள் இதனைக் கண்டுகொண்டு, ஸ்கேன் முதன்மையாக உள்ள ஒவ்வோர் அனுமதியையும் ஐயத்துடன் நோக்கின. 'வெளிநோயாளியாகவே செய்திருக்கலாம்' என்பது நிலையான மறுப்புத் தொடராயிற்று. இதில் நிறுவனத்தின் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. பிரீமியம் என்பது பொதுப் பணம். தேவையற்ற ஒவ்வோர் அனுமதியும் அடுத்த ஆண்டு எல்லாருடைய பிரீமியத்திலும் ஏறும். ஆனால் படுக்கையை நுழைவுச்சீட்டாக்கியது ஆவணமே. நுழைவுச்சீட்டை வாங்கியவர் மீது, பயணம் செய்யும் நோக்கம் இல்லாதவர் என்ற குற்றச்சாட்டையும் அதே ஆவணம் வைக்கிறது. உண்மையாகவே நோயுற்று, உண்மையாகவே அனுமதிக்கப்பட்டவரும் அந்த ஐயத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்.

இதனிடையே அரசின் மற்றொரு கை வேறொன்றைச் செய்தது. வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வரிக்கழிவு அளித்தது. 2012-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், அதன் வரம்புக்குள் நோய்த் தடுப்பு உடற்பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை இடமளித்தது. நோய் வருமுன் சோதித்தல் நற்செயல் என்று வரிச் சட்டம் ஏற்றது. நோய் ஐயத்தில் சோதித்தல் செலவாகாது என்று காப்பீட்டு ஆவணம் சொல்லிக்கொண்டிருந்தது.

5. 'முதன்மையாக', 'மட்டும்'

நிறுவனந்தோறும் விலக்குகளின் வாசகம் வேறுபட்டதால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பர் 27 அன்று அவற்றைத் தரப்படுத்தியது. 2020 அக்டோபர் 1 முதல் பழைய ஆவணங்களும் இதற்கு உட்பட்டன. நோயறி சோதனை பற்றிய விலக்கு இன்று நான்காம் குறியீட்டை உடையது. அதன் முதற்பகுதி, முதன்மையாக நோயறிதலும் மதிப்பீடும் என்ற நோக்கத்துக்கு மட்டுமான அனுமதியின் செலவை விலக்குகிறது. இரண்டாம் பகுதி, நடப்பு நோயறிதலோடும் சிகிச்சையோடும் தொடர்பில்லாத சோதனைகளை விலக்குகிறது.

பழைய வாக்கியத்தைவிட இது தெளிவு. 'உறுதியாக இருத்தல்' போய்விட்டது. தழுவல் ஐயமும் போய்விட்டது. எனினும் முதற்பகுதியில் 'முதன்மையாக', 'மட்டும்' என்ற இரண்டு சொற்களும் ஒருங்கே நிற்கின்றன. 'முதன்மையாக' என்பது வேறு நோக்கங்களும் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் சொல். 'மட்டும்' என்பது வேறு நோக்கமே இல்லை என்னும் சொல். 'அவர் முதன்மையாகச் சோற்றை மட்டும் உண்டார்' என்றால் குழம்பு உண்டாரா இல்லையா? ஸ்கேனோடு நரம்பு வழி மருந்தும், வலித் தணிப்பும், இரவுக் கண்காணிப்பும் பெற்றவரின் அனுமதி இவ்விலக்குக்குள் வருமா? முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு நிறுவனம் வரும் என்கிறது. இரண்டாம் சொல்லைப் பற்றிக்கொண்டு நோயாளி வராது என்கிறார். மூன்றாவதாக நிற்கும் 'மதிப்பீடு' என்ற சொல்லை மருத்துவரே தம் கையால் எழுதித் தந்திருக்கிறார்.

இத்தகைய ஐயத்துக்குச் சட்டத்தில் பழைய விடை உண்டு. 1966-இல் கங்கைக் கரை வீடுகளின் காப்பீடு பற்றிய வழக்கொன்றில், ஆவணத்தில் ஐயப்பாடு எழுந்தால் அதனை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகப் பொருள்கொள்ள வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. அவ்வழக்கில் வென்றது நிறுவனமே. நீதிமன்றம் புதிய ஒப்பந்தத்தை எழுதித் தர இயலாது என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது. 2007-இல் நகைக்கடைக் காப்பீடு தொடர்பான வழக்கில், விலக்குக் கூறு பொருந்தும் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், 'மட்டும்' என்ற சொல்லை நிறுவனம்தான் மெய்ப்பிக்க வேண்டும். சோதனையைத் தவிர வேறெதுவும் நிகழவில்லை என்று காட்டும் கடமை அதனுடையது.

2023 மார்ச்சில் வதோதரா நுகர்வோர் மன்றம், 24 மணி நேரத்துக்குக் குறைவாக மருத்துவமனையில் இருந்தார் என்று மறுக்கப்பட்ட ஒரு கோரிக்கையில் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. நவீன சிகிச்சை முறைகளால் குறைந்த நேரத்திலோ, அனுமதியின்றியோ சிகிச்சை அளிக்க முடிகிறது என்பதே அதன் காரணம். அவ்வழக்கு ஸ்கேனைப் பற்றியதன்று. ஆயினும் படுக்கை நோய்க்குச் சான்றாகாது என்று ஒரு மன்றம் வெளிப்படையாகச் சொன்னது, இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது.

6. இன்றைய நிலை

2023-24 நிதியாண்டில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஏறத்தாழ 1.17 லட்சம் கோடி ரூபாய்க்குக் கோரிக்கைகள் வந்தன; ஏறத்தாழ 83,500 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. எஞ்சியவற்றுள் நிலுவையும் உண்டு, விதிப்படி சரியான மறுப்பும் உண்டு. எனவே இடைவெளி முழுவதையும் அநீதி என்று கொள்ளலாகாது. ஆனால் இவ்வளவு பெரிய தொகையின் போக்கைச் சில சொற்களின் வாசிப்பும் தீர்மானிக்கிறது என்பதை மறக்கலாகாது.

2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க முடியாது. நிராகரிப்புக் கடிதம் ஆவணத்தின் குறிப்பிட்ட விதியைச் சுட்டிக் காரணம் கூற வேண்டும். 'விதிகளின்படி ஏற்க இயலாது' என்ற பொத்தாம்பொது வரி இனிச் செல்லாது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் தீர்வு கிட்டாவிடில், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்; கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுக் காலவரம்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தையும் கொண்டுவந்துள்ளது. அதன்படி மறுப்பை மட்டுமன்றி, விதியின் வாசகத்தையே மாநில, தேசிய ஆணையங்களின் முன் எதிர்த்து வாதாட முடியும்.

2024 ஜனவரி முதல், காப்பீடு எடுப்பவர் விரும்பினால் ஆவணத்தின் முதன்மைக் கூறுகளை விளக்கும் தகவல் தாளை அவருடைய மொழியிலேயே தர வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. புதுப்பிக்கும்போது அதனைக் கேட்டுப் பெறுங்கள். 'முதன்மையாக', 'மட்டும்' என்ற இரண்டும் நம் மொழியில் அருகருகே நிற்கும்போது, அவ்வாக்கியத்தின் குழப்பம் சட்டம் படிக்காதவருக்கும் உடனே தென்படும்.

விதியில் வேண்டிய மாற்றம் சிறியது. சோதனை தேவைப்பட்டதா என்பதை, முடிவு வந்த பின்னுள்ள அறிவைக் கொண்டு அளக்காமல், மருத்துவர் அதை எழுதிய நேரத்தில் இருந்த அறிகுறிகளைக் கொண்டு அளக்க வேண்டும். அறிகுறியில்லாத உடற்பரிசோதனையை விலக்கட்டும். அதற்கு எவரும் மறுப்புச் சொல்லார். அறிகுறியின் பேரில் எடுத்த ஸ்கேன், 'இயல்பு' என்று வந்ததனாலேயே தகுதி இழக்கலாகாது. படுக்கையில் எடுத்ததா, வெளியே எடுத்ததா என்ற வேறுபாடும் அப்போது வலுவிழக்கும். நுழைவுச்சீட்டுக்காகப் படுக்கையைத் தேடும் தேவையும் குறையும்.

அம்மாற்றம் வரும்வரை, இப்பதிவை வாசிக்கும் மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எவால்யுவேஷனுக்காக' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்த அறிகுறியுடன் வந்தார், எந்த நோயை ஐயுற்றீர்கள், தாமதித்தால் என்ன நேர்ந்திருக்கும், காத்திருந்த நேரத்தில் என்ன சிகிச்சை அளித்தீர்கள் என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த நான்கு வரியும் நீங்கள் செய்த வேலையின் உண்மைப் பதிவே. மறுப்புக் கடிதத்தை எதிர்த்து வாதாடும் நோயாளிக்கு முதல் சான்றும் அதுவே.